மத்தியானத் தட்டு

சுபத்திராவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் மண்டையைப் பிளக்கும் வெயில். மகேஸ்வரன் காரை வாசலில் நிறுத்தி, ஒரு கையில் பையும் மறு கையில் மனைவியின் முழங்கையுமாக இரும்புக் கதவைத் தள்ளினான். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பித்தப்பையில் கல் என்று மலாயில் பதில் சொன்னான். கொஞ்சமும் தடுமாறவில்லை. வரும் வழியெல்லாம் இருவரும் அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

கல்லுமில்லை, ஒன்றுமில்லை. அவளுடைய இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்திருந்தார்கள். மிஞ்சியது ஒரு சின்ன வாழைப்பழம் அளவு குழாய். எடை குறைய வேறு எல்லா வழியும் பார்த்துத் தோற்றவர்களுக்குச் செய்கிற ஆபரேஷன்.

வெளியே சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவளுடைய ஆட்கள் சிலோன்காரர்கள். அந்தக் காலத்தில் ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசிலும் உத்தியோகம் பார்க்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஜொகூர் முழுக்கச் சலித்தாலும் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். சிகாமட்டில் காலையில் சொன்ன விஷயம் மாலையில் கிள்ளானில் தேத்தண்ணியோடு பரிமாறப்படும். அதிலும் மாமியார் கமலாம்பிகைக்குத் தெரிந்தால் போதும். கல்யாணமான வருஷத்திலிருந்தே அவருக்கு மருமகளின் உடம்புதான் பொழுதுபோக்கு. "உன் தாலிக்கொடி எங்க பிள்ளை? கழுத்துக்குள்ள போயிட்டுதா?" என்று பந்தியில் வைத்துக் கேட்டவர்.

"அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்று சுபத்திரா கெஞ்சியிருந்தாள்.

"நான் ஏன் சொல்லப்போறேன் லா" என்றான் மகேஸ்வரன்.

அவனுக்கு வேலை சிங்கப்பூரில். இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போவான், இருட்டிய பிறகு வருவான். நடுவில் உள்ள பகலெல்லாம் அவளும் அந்த வீடும்தான். தண்ணீரை ஒரு மடக்குக்கு மேல் குடித்தால் நெஞ்சில் கருங்கல் உட்காரும். இடது தோள் வலிக்கும். தொலைக்காட்சியில் வறுத்த மீனைக் காட்டினால் அழுகை வரும். அழுகிறாளே என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

இப்படி ஒரு நாள் ஆபரேஷன் பற்றிய ஒரு வீடியோவின் கீழே எழுதினாள்: வீட்டில் இருக்கிறேன், யாருக்கும் தெரியாது, பேச ஆளில்லை.

பதில் உடனே வந்தது. "நான் இருக்கேன் தங்கச்சி. நானும் ஜொகூர்தான்."

எழுதியவள் பிரேமளா. லாபிஸ்காரி. அதே ஆபரேஷன் செய்துகொண்டவள். தான் நடத்தும் குரூப்பில் சுபத்திராவைச் சேர்த்தாள். குரூப்பின் பெயர் ‘சின்ன வயிறு’. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் வயிற்றை வெட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் தமிழர்கள். அதிகம் பேசுகிறவர் சிகாமட் விஜயேந்திரன். சுவைக்கு ஆலாய்ப் பறக்கும் மனுஷன். "ஆட்டுக்கால் சூப் கனவுல வந்துச்சு. கும்பிட்டு அனுப்பிட்டேன்" என்று எழுதுவார். சுபத்திரா சிரிப்பாள். சிரித்தால் தையல் இழுக்கும்.

ஆனால் அவள் உயிரைப் பிடித்து வைத்தது பிரேமளாதான். முடி கொத்தாகக் கொட்டிய காலையில், குளியலறைத் தரையில் உட்கார்ந்து சுபத்திரா படம் எடுத்து அனுப்பினாள். பிரேமளா எழுதினாள்:

"உன் உடம்பு உனக்கு விரோதி இல்ல. இத்தனை வருஷம் உன்னைச் சுமந்த கழுதை அது. திட்டாம தண்ணி காட்டு."

அந்த வரியைச் சுபத்திரா எத்தனை முறை படித்திருப்பாளோ. பெற்ற தாய்கூட அவள் உடம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

குரூப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானத் தட்டு என்பார்கள். யாருக்காவது எதன்மேலாவது ஆசை வந்தால், இன்னொருவர் அதைச் சமைத்து, தட்டில் பரிமாறி, படம் எடுத்து மத்தியானம் போட வேண்டும். மற்றவர்கள் கண்ணால் சாப்பிடுவார்கள்.

"நம்மால திங்கத்தான் முடியாது. பாக்கக்கூடவா கூடாது?" என்றாள் பிரேமளா.

சில விதிகளும் சொன்னாள். சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. பார்த்தால் வாந்தி வரும். தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஞாபகம் வரும். படம் எடுத்ததும் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆசை தாங்காமல் கை வைத்துவிடுவாய்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியக் காரணம். சுபத்திரா தலையாட்டினாள். சிகாமட்டில் தன் அப்பா செத்த எட்டாம் நாள் படையலில், எட்டுச் செலவன்று, இதையெல்லாம் அப்படியே கண்ணால் பார்த்தவள்தான் அவள். ருசி பாராத சமையல். தண்ணீர்ச் செம்பு. சாத்திய கதவு. கைப்பேசியில் வந்த விதி என்பதால் புத்தியில் ஏறவில்லை.

சமையலறையை ஒட்டிய பின்னறையில் ஒரு மேசையைப் போட்டாள். முதல் தட்டு விஜயேந்திரனுக்கு: நண்டுக் கறி, முருங்கை இலை போட்டு. புளிக்குப் பதில் அசாம் கெப்பிங், அந்தக் காய்ந்த புளிப்புத் துண்டு ஒன்றைப் போட்டாள். அது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மாமியாரிடம் திட்டு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு. படம் போட்டு, கதவைச் சாத்தினாள்.

குரூப் குதூகலித்தது. "வயிறு நிறைஞ்சிச்சு சுபத்திரா" என்று எழுதினார் விஜயேந்திரன்.

மறுநாளும் அவளே தட்டு வைத்தாள். அதற்கு மறுநாளும். மற்றவர்களுக்கு வேலையாம், காய்ச்சலாம். "நீ வைக்கற தட்டு மாதிரி வராது தங்கச்சி" என்றாள் பிரேமளா. புகழ்ந்து பழக்கமில்லாதவளைப் புகழ்ந்தால் எதையும் செய்வாள். செய்தாள்.

அந்தச் சோறுதான் இரவு மகேஸ்வரனுக்கு. ஒரு நாள் இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

"உப்பு போட்டியா?"

"போட்டேனே."

"உப்பு இல்ல, உறைப்பு இல்ல, ஒண்ணுமே இல்ல. ஈரத் துணிய மெல்லற மாதிரி இருக்கு." தட்டைத் தள்ளினான். "நாளைக்குக் கடையில மீ கோரேங் வாங்கிட்டு வரேன் விடு."

மீந்ததைப் பின்பக்கச் சந்தில் பூனைக்கு வைத்தாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு முதுகைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. காலையில் சோறு அப்படியே கிடந்தது. எறும்புகூட வரவில்லை.

ஜொகூரில், வெளியே வைத்த சோற்றுக்கு எறும்பு வரவில்லை.

எடை இறங்கியது. முதலில் சந்தோஷம். பிறகு மோதிரம் கழன்றது. பிறகு படி ஏறினால் கண் இருட்டியது. சோதனைக்குப் போனபோது சீன டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். புரதத் தூள் குடிக்கிறாயா என்றார். குடிக்கிறேன் என்றாள். முட்டை, மீன்? தவறாமல் என்றாள்.

"பொய் சொல்லாதே" என்றார் ஆங்கிலத்தில். "இது பட்டினி கிடக்கிறவளின் ரத்தம்."

பொய்யில்லை. சொன்னபடிதான் தின்றாள். ஆனால் வாயில் வைத்ததில் ருசி இல்லை, விழுங்கியதில் பலம் இல்லை. யாரோ முன்னாலேயே மென்று சாறெடுத்துவிட்டுச் சக்கையை அவளுக்குத் தருவதுபோல இருந்தது.

குரூப்பில் படம் போட்டாள். கன்னம் ஒட்டி, கண் குழிந்த படம்.

"ரொம்ப அழகாயிட்டே" என்று எல்லோரும் எழுதினார்கள்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வரும் அந்த அடைத்த புழுக்கம். மின்சாரம் போய், காற்றாடி நின்றது. தட்டை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நிற்கத் தெம்பில்லாமல் அதே கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் சத்தமே இல்லை.

பிறகு கதவுக்குப் பின்னால் ஒன்று கேட்டது.

எலியோ என்று நினைத்தாள்.

எலி இல்லை. மெல்லும் சத்தம். நிதானமாக, வாயை மூடிக்கொண்டு. நண்டு ஓடு பல்லுக்கிடையில் நொறுங்கியது. யாரோ விரலைச் சூப்பினார்கள். யாரோ மெதுவாக இருமினார்கள். தண்ணீர்க் குவளை மேசையில் வைக்கப்படும் டொக் என்ற ஒலி.

ஒரு ஆள் அல்ல, பல பேர்.

கதவுக்கடியிலிருந்து ஒரு வாசம் ஊர்ந்து வந்தது. கறி வாசம் அல்ல. ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் மருந்தும், பல நாள் மாற்றாத கட்டுத் துணியும்.

பிறகு சத்தம் சட்டென்று நின்றது. எல்லா வாயும் ஒரே நேரத்தில்.

அவள் இருப்பது தெரிந்துவிட்டது.

தவழ்ந்துதான் முன்வாசலுக்கு வந்தாள். பிரேமளாவுக்கு எழுதினாள்: "அக்கா, ரூமுக்குள்ள யாரோ சாப்பிடறாங்க."

பிரேமளா குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். ரகசியம் பேசுகிற குரல். "சாப்பிடறப்ப கிட்டப் போகாதே தங்கச்சி. அவங்களுக்கு வெக்கம்." சுபத்திரா இரண்டாம் முறை கேட்பதற்குள் அதை அழித்துவிட்டாள். கீழே எழுதினாள்: "தூக்கம் பத்தாது உனக்கு. நாளைக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைக்கிறியா?"

மறுநாள் சுபத்திரா அடுப்பு மூட்டவில்லை. மத்தியானம் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. விஜயேந்திரன்: "பசிக்குது." அடுத்தவர்: "பசிக்குது." அடுத்தவர். அடுத்தவர். திரை முழுக்க அந்த ஒரே வார்த்தை, வேறு வேறு பெயர்களின் கீழே. பின்னறை மேசை தரையில் உராயும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்ச் சோறு வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் சிகாமட்டில் இருக்கும் சித்தி மகன் செல்வாவைக் கூப்பிட்டாள். ஊரில் யார் யார் என்று விரல் நுனியில் வைத்திருப்பவன்.

"உங்க ஊர்ல விஜயேந்திரன்னு யாரையாவது தெரியுமா? வயித்துல ஆபரேஷன் பண்ணவர்."

"நாம வங்கி மாமான்னு கூப்பிடுவோமே, அவரா? அலமாக், என்னக்கா நீ. அவர் செத்து ரெண்டு தீபாவளி போச்சு. உள்தையல் விட்டு, சீழ் வச்சு, துடிச்சுட்டார் மனுஷன். எட்டுச் செலவுக்குக்கூட நீ வரலன்னு அம்மாவுக்குக் கோவம்." செல்வா குரலைத் தாழ்த்தினான். "நண்டு நண்டுன்னு கேட்டுட்டே செத்தாராம். படையல்ல அதான் வச்சாங்க."

சுபத்திரா சாத்தியிருந்த பின்னறைக் கதவைப் பார்த்தாள்.

"பிரேமளான்னு லாபிஸ்ல?" என்று பிறகு கேட்டாள்.

"அவங்க இருக்காங்களே. ரயில் பாதை பக்கத்து வீடு. ஒரு சமயம் சாகக் கிடந்தாங்க. இப்ப நல்லா தளதளன்னு ஆயிட்டாங்க. ஏன்?"

செத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. செத்தவர்கள் பசிக்கு வருகிறார்கள். உயிரோடு இருக்கிறவள் ஏன் செய்தாள்?

மறுநாள் காலையிலேயே காரை எடுத்தாள். பழைய பெரிய ரோடு. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், செம்பனை, மறுபடி செம்பனை. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தித் தலையை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டாள். லாபிஸுக்குள் நுழையும்போது உச்சி வெயில்.

பிரேமளா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உருண்டை முகம், எண்ணெய் மினுக்கும் கன்னம். தட்டில் வெறும் வெள்ளைச் சோறு. கறி இல்லை, குழம்பு இல்லை, ஊறுகாய் இல்லை. அதைப் பிசைந்து பிசைந்து, கண்ணை மூடி, முணுமுணுவென்று ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தவள் திடுக்கிடவில்லை.

"வா தங்கச்சி" என்றாள். "கண்டுபிடிச்சிட்டே போல."

"அவங்கெல்லாம் யாரு அக்கா?"

"யாருன்னு தெரிஞ்சுதானே வந்திருக்கே. நம்ம மாதிரி வயித்த வெட்டிக்கிட்டவங்க. தேறி வந்தவங்க வாழ்றாங்க, தேறாதவங்க பசியோட போயிட்டாங்க. பசியோட போனவங்க சும்மா இருப்பாங்களா?" பிரேமளா ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். "உக்காரு. ஒரு வாய் சாப்பிடறியா?"

ஏன் வாங்கினாள் என்று சுபத்திராவுக்கே தெரியாது. பசி. அந்த வெறும் சோற்றில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு இருந்தது.

உறைப்பு இருந்தது. நண்டின் இனிப்பு, முருங்கை இலையின் கசப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் அசாம் கெப்பிங்கின் அந்தப் புளிப்பு. உலகத்தில் வேறு யாரும் நண்டுக்கு அதைப் போடுவதில்லை.

"இது என் சமையல்" என்றாள் சுபத்திரா.

"நல்லா சமைக்கறே" என்றாள் பிரேமளா. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். "எனக்கு முன்னாடி ஒருத்தி என்னைச் சேத்துவிட்டா. நான் வச்சேன் தட்டு, மாசக்கணக்கா. எலும்பாயிட்டேன். புதுசா ஒருத்திய சேத்துவிட்டா விட்டுடறோம்னாங்க. சேத்துவிட்டவளுக்குப் பங்கும் உண்டுன்னாங்க. நீயும் தேடு. யார்கிட்டயும் சொல்லாம ஆபரேஷன் பண்ணவளாப் பாரு. சொன்னவளுக்குப் பக்கத்துல யாராவது இருப்பாங்க, ஒட்ட முடியாது. உன் மாதிரி ஆள்தான் தோது."

"முச்சந்தியில கொண்டுபோய் வச்சு, போங்கன்னு அனுப்பிட்டா போயிடுவாங்கல்ல?" சுபத்திரா கேட்டாள். "எட்டுச் செலவுல அப்படித்தானே செய்வோம். படைச்சிட்டு, வெளிய கொண்டுபோய் விட்டுட்டு வருவோம். நீங்களும் நம்ம ஆள்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

பிரேமளா விரலை நக்கினாள். "அனுப்பிட்டா எனக்கு யார் குடுப்பா?"

வெளியே ரயில் ஒன்று கடந்தது.

"கழுதைன்னு எழுதினீங்களே" என்றாள் சுபத்திரா. "என் முடி கொட்டினப்ப. அதுவுமா பொய்?"

"ஓ, அதா." பிரேமளா நினைவுபடுத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு முன்னாடி இருந்தவ எனக்கு அனுப்பினது லா அது. எல்லாமே அவ அனுப்பினதுதான். நானும் அழுதேன் அதப் படிச்சு. அப்படியே உனக்குத் தள்ளிவிட்டேன்."

திரும்பி வரும் வழியில் சுபத்திரா அழவில்லை. ரத்தம் குடித்ததை மன்னித்துவிடலாம். அந்த வரியை மன்னிக்க முடியவில்லை.

அன்றிரவு மகேஸ்வரன் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள். "நாளைக்கே உங்க அம்மாவுக்குச் சொல்லிடலாம். பித்தப்பை இல்ல, வயித்த வெட்டினோம்னு. எல்லாருக்கும் சொல்லிடலாம்."

அவன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றான்.

"எப்போ?"

"ஆபரேஷன் அன்னிக்கே. பயமா இருந்துச்சு சுபா, யார்கிட்டயாவது சொல்லணும்போல... அம்மா அக்காகிட்ட சொல்லியிருப்பாங்க. அக்கா..." கையை விரித்தான். "கிள்ளான்லகூட தெரியும்னு நினைக்கிறேன்."

அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது, சொல்லிவிட்டான். அவளுக்கு ஆள் வேண்டியிருந்தபோது, ஊருக்கே தெரிந்த ஒன்றை ரகசியம் என்று நம்பிக் குளியலறைத் தரையில் தனியே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தனிமையின் வாசம் பிடித்துத்தான் அவர்கள் வந்தார்கள். இத்தனையும் ஒன்றுமில்லாததற்கு.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. "நாளைக்கு லீவு போடுங்க. வேலை இருக்கு" என்றாள்.

மறுநாள் முழுக்கச் சமைத்தாள். நண்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, பிட்டு, இறால் சம்பல். குரூப்பில் யார் யார் என்னென்ன கேட்டிருந்தார்களோ அத்தனையும். ஒன்றையும் ருசி பார்க்கவில்லை. இந்த முறை தெரிந்தே பார்க்கவில்லை. பின்னறையில் தட்டு அல்ல, இலை போட்டாள். விளக்கு ஏற்றினாள். கதவைச் சாத்தி, வெளியே நின்று, உள்ளே நடந்த அந்த நிதானமான மெல்லலை மகேஸ்வரனையும் கேட்கவைத்தாள். அவன் முகம் சாம்பலாகிப்போனது. அதற்குப் பிறகு அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சூரியன் சாயும் நேரம், இலையில் இருந்ததையெல்லாம் ஒரு பெட்டியில் அள்ளிக்கொண்டு இருவரும் தெருமுனைக்குப் போனார்கள். மூன்று தெருக்கள் கூடும் இடம். ஒரு பக்கம் டயர் கடை, ஒரு பக்கம் பஸ் நிறுத்தம். பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"சாப்பிட்டாச்சு. போங்க" என்றாள் சுபத்திரா. "இனிமே என் வீட்டுக்கு வராதீங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். பின்னால் பெட்டியின் மூடி நகரும் சத்தம் கேட்டது. மகேஸ்வரன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான்.

வீட்டு வாசலில் கைப்பேசி அதிர்ந்தது. விஜயேந்திரன் குரூப்பை விட்டு வெளியேறினார். அடுத்தவர் வெளியேறினார். அடுத்தவர். கடைசியில் உள்ளே மிஞ்சியது இரண்டு பேர்.

பிரேமளா கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு முறை எடுத்தாள் சுபத்திரா.

"என்ன பண்ணிட்டே தங்கச்சி?" மறுமுனையில் மூச்சு வாங்கியது. "சோறு மண்ணு மாதிரி இருக்கு. எது தின்னாலும் மண்ணு. பசிக்குது தங்கச்சி. ஒரே ஒரு தட்டு வை. எனக்கு மட்டும்."

சுபத்திரா துண்டித்தாள். அந்த எண்ணைத் தடுத்தாள். குரூப்பை விட்டு வெளியேறினாள். பிறகு ஒரு அவித்த முட்டையை நான்காக வெட்டி, ஒரு துண்டில் உப்பு தொட்டு வாயில் வைத்தாள். உப்பு கரித்தது. கண்ணில் நீர் முட்டியது.

உடம்பு மெல்லத் தேறியது. ரத்தம் ஏறியது. டாக்டர், இப்போதுதான் நீ நிஜமாகச் சாப்பிடுகிறாய் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன் பாசிர் கூடாங்கில் பார்த்த வேலைக்குத் திரும்பினாள். கமலாம்பிகை பெட்டியோடு வந்து இறங்கி, "சொல்லியிருந்தா நான் கஞ்சி வச்சுத் தந்திருக்க மாட்டேனா பிள்ளை" என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுச் சமையலறையைக் கைப்பற்றினார். வாயும் குறையவில்லை, கஞ்சியும் குறையவில்லை. சுபத்திரா பொறுத்துக்கொண்டாள். வீட்டில் ஆள் சத்தம் இருப்பது நல்லதாகத்தான் பட்டது.

ஒரு நாள் ஆபீசில் இருக்கும்போது செல்வா அழைத்தான்.

"லாபிஸ் பிரேமளா அக்கா தவறிட்டாங்கக்கா. நேத்துதான் எடுத்தாங்க. பாக்க முடியல. முன்னாடி எவ்வளவு தின்னாங்களோ அவ்வளவும் தின்னுட்டேதான் இருந்தாங்களாம். உடம்புல ஒட்டல. அண்ணன் தம்பி யாரும் இல்ல, எட்டுச் செலவு எல்லாம் ஒண்ணும் செய்யப்போறதில்லையாம்."

சுபத்திராவுக்குத் துக்கம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கமலாம்பிகை முன்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மத்தியானம் உன் சிநேகிதி வந்தா பிள்ளை."

"யார் மாமி?"

"பேர் சொல்லல. லாபிஸ்லேர்ந்து வரேன்னா. ஐயோ, என்ன கோலம் அது. காத்தடிச்சா விழுந்துடுவா. நீ பண்ண அதே ஆபரேஷனாம். வாசல்லயே நின்னுட்டு, உள்ள வரலாமா, பசிக்குதுன்னா. வீடு தேடி வந்தவள நிக்க வைக்க முடியுமா? வாம்மான்னு கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டேன். யாராவது பாத்தா சாப்பிட வெக்கமா இருக்குன்னா. சரின்னு கதவச் சாத்திட்டு வந்துட்டேன்."

சுபத்திரா கூடத்தைத் தாண்டிப் பார்த்தாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"எப்ப போனா மாமி?"

கமலாம்பிகையின் கை கீரையில் நின்றது. கொஞ்சம் யோசித்தார்.

"போறேன்னு சொல்லலையே பிள்ளை" என்றார்.